தாடையை நெஞ்சோடு தைத்த வாரம்

எங்கள் ஐ.சி.யூ.வுக்குக் காற்றை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று வந்திருக்கிறது. கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். மூச்சு மிஷின் குழாய் போட்டிருக்கிற ஒவ்வொருவருக்கும் டியூட்டி மாறும்போதெல்லாம் அதை வைத்துப் பார்க்க வேண்டுமாம். முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்க வேண்டுமாம். நான் வேலையை விட்டு நின்ற பிறகு வந்த சாமான் அது. முட்டுவலிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தபோது ஷீபா சிஸ்டர் அதை எடுத்துக் காட்டினாள்.

"ஆச்சி, இது இல்லாத காலத்துல நீங்கள்லாம் எப்படிப் பாத்திய? நம்ம ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஐ.சி.யூ.வில் ஆயாவாக இருந்தவள். "நீ கேளு, நான் சொல்லுதேன், நீயே எழுதிக்கோ" என்றேன்.

"போங்க ஆச்சி. ஒங்களைப் பேசச் சொன்னா ரெண்டு வரியில முடிச்சுட்டுப் பையத் தூக்கிட்டுக் கெளம்பிருவிய. எழுதினாத்தான் வரும்."

அவள் சொன்னது சரிதான். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் ஷீபா திருத்திக்கொள்வாள்.

வீட்டுக்காரர் தச்சநல்லூரில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் தவறிய பிறகு, தெரிந்தவர்கள் சொல்லி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் பொது வார்டு. பெட்பேன் எடுப்பது, விரிப்பு மாற்றுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. நான் அதிகம் பேசமாட்டேன் என்பதைப் பார்த்துவிட்டு ஐ.சி.யூ.வுக்குப் பொறுப்பாக இருந்த எஸ்தர் சிஸ்டர் என்னை அங்கே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "எனக்கு வாய் இருக்கிற ஆயா வேண்டாம், கை இருக்கிற ஆயா வேணும்" என்று மேட்ரனிடம் சொன்னார்களாம்.

எஸ்தர் சிஸ்டர் பாளையங்கோட்டைக்காரர்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர்கள் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பெரிய நர்ஸ்களுக்கே வேர்த்துவிடும்.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் போகிற குழாயின் நுனியில் சின்ன பலூன் ஒன்று இருக்கும். உள்ளே போனதும் அதில் கொஞ்சம் காற்று ஏற்றுவார்கள். மிஷின் தருகிற மூச்சு வெளியே ஒழுகாமலும், எச்சில் நெஞ்சுக்குள் இறங்காமலும் அது அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற பலூனைப் பார்க்க முடியாது. ஆனால் அதிலிருந்து மெல்லிசாக ஒரு வால் வெளியே வந்து கன்னத்தோரம் தொங்கும். அந்த வாலின் முனையில் திராட்சைப் பழம் மாதிரி ஒரு குமிழ். குமிழை அமுக்கினால் உள்ளே பலூன் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று தெரியும். லேசாக இருந்தால் மூச்சு ஒழுகி, தொண்டையில் கொப்பளிக்கிற சத்தம் வரும். ரொம்ப இறுகினால் சத்தமே வராது. ஆனால் பலூன் அழுத்துகிற இடத்தில் மூச்சுக்குழலின் உள்தோலுக்கு ரத்தம் போகாது. புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். இதெல்லாம் ஆள் வீட்டுக்குப் போன பிறகு நடக்கிற காரியம்.

மீட்டர் இல்லாத காலத்தில் எஸ்தர் சிஸ்டர் ஒரு கையால் தன் காது மடலைப் பிடித்துப் பார்ப்பார்கள், மறு கையால் குமிழைப் பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளையும் காதைப் பிடிக்கச் சொல்வார்கள். வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஏன் சிஸ்டரெல்லாம் தோப்புக்கரணம் போடப் போறாவ?" என்று கேட்டிருக்கிறார்கள்.

குமிழை நான் தொடக்கூடாது. அது நர்ஸ் வேலை. என் வேலை ஆளைப் புரட்டுவது, துடைப்பது, வாயைச் சுத்தம் செய்ய உதவுவது. புரட்டும்போது தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு, "குழாய் என் கையில" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் ஒருத்தரும் ஆளைத் தொடக்கூடாது. ஒருமுறை பெரிய டாக்டரே அவசரத்தில் புரட்டப் போனபோது, எஸ்தர் சிஸ்டர் அவர் கையின் மேல் தன் கையை வைத்து, "யார் கையில டாக்டர்?" என்று கேட்டார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் நடக்கிறது நடக்கும். மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நெஞ்சுச் சளி முற்றி மிஷினில் இருந்தார். அரை மயக்கத்தில் குழாயைப் பிடுங்கப் பார்ப்பார் என்பதால் கைகளைப் பஞ்சு வைத்துச் சுற்றி, கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டியிருந்தோம். துபாயிலிருந்து மகன் வந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெட்டிகூட வராந்தாவில்தான் இருந்தது. உள்ளே வந்ததும் கைக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"அல்லாவே! எங்க வாப்பாவை இப்படிக் கட்டிப் போட்டிருக்கியளே, அவுக என்ன திருடனா?"

சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். இதோ வந்து சொல்கிறேன் என்று கை காட்டினார்கள். அதற்குள் மகன் ஒரு முடிச்சை அவிழ்த்து, வாப்பாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வாப்பா மகனைத் தடவிக்கொடுத்தார். பிறகு அதே கையால் குழாயைப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே ஊதியிருந்த பலூனோடு வந்துவிட்டது. மறுபடி குழாய் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் பலூன் உரசி வந்ததில் குரல்நாண் கிழிந்து, பிறகு அவருக்குக் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் மகன் எஸ்தர் சிஸ்டர் முன்னால் நின்று அழுதார். சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. "ஒங்க வாப்பா ஒங்களைத் தொட்டாங்கள்ல, அதை வச்சுக்கோங்க" என்றார்கள். அதன்பிறகு கை கட்டுகிறதற்கு முன்னாலேயே வீட்டாரை உள்ளே கூப்பிட்டு, ஏன் கட்டுகிறோம் என்று காட்டிவிட்டுத்தான் கட்டுவோம்.

நான் எழுத நினைத்தது இசக்கி கண்டக்டர் கதையை. மற்றதெல்லாம் முன்கதை.

இசக்கி, திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வீடு விக்கிரமசிங்கபுரம். நாற்பது வயது இருக்கும். கோடையில் வாசலில் பாயை விரித்துப் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. கடித்தது தெரியவே இல்லை. காலையில் வயிற்று வலி என்று எழுந்தார், இமை தூக்க முடியவில்லை, பிறகு மூச்சு இழுக்க முடியவில்லை. வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு, ஆம்புலன்ஸில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். விஷமுறிவு மருந்து கொடுத்தும், விஷம் இறங்கித் தசைகளுக்குத் தெம்பு வர நாளாயிற்று. அத்தனை நாளும் மிஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. ஒருநாள் விரல் அசைந்தது, பிறகு இமை. குழாயை எடுத்ததும் அவர் பேசிய முதல் பேச்சு, "இது எந்த ஸ்டாப்பு?" வார்டே சிரித்தது. மனைவி கோமதி எங்கள் எல்லோர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவரை அழைத்துப் போனாள்.

ஒரு மாதம் கழித்து அவருக்கு மூச்சில் சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் படியேறினால் மட்டும். பிறகு நடந்தால். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, உள்ளே இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் சீறுகிற சத்தம். எங்களிடம் அவர்கள் வரவில்லை. ஏன் என்றால் அந்தச் சத்தத்துக்கு ஊர் ஒரு காரணம் சொல்லிவிட்டது. பாம்பு கடித்தவன், அதனால் பாம்பு மாதிரி சீறுகிறான். விஷத்தை இறக்கிவிட்டார்கள், சீற்றத்தை இறக்கவில்லை. பஸ்ஸிலும் இதே பேச்சு. "இசக்கி அண்ணாச்சி விசிலே ஊத வேண்டாம், மூச்சு விட்டாப் போதும்" என்று காலேஜ் பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அவரும் சிரித்துக்கொண்டே, "டிக்கெட் எடுக்காதவனைக் கொத்திப்புடுவேன்லே" என்பாராம். கோமதி புற்றுக்கோயிலுக்குப் பால் ஊற்றினாள். நேர்ந்துகொண்டாள். ஊரில் ஒரு டாக்டர் இழைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். எதிலும் சத்தம் குறையவில்லை.

அம்பாசமுத்திரம் ஸ்டாண்டில் ஊர்ப் பேரைக் கூவப் போனவர் பாதியில் நின்றுபோய்ப் படியிலேயே சாய்ந்துவிட்டார். அதன்பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். உதடு நீலம். கழுத்து எலும்புக்கு மேலே மூச்சுக்கு மூச்சு குழி விழுகிறது. எஸ்தர் சிஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு தொண்டை டாக்டருக்குப் போன் செய்தார்கள். அவர் கேமராவை விட்டுப் பார்த்தார். பெருவிரல் நுழைகிற அளவு இருக்க வேண்டிய மூச்சுக்குழல், ஓர் இடத்தில் பேனா ரீஃபில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பலூன் இருந்த இடம்.

அதைக் கோமதியிடம் யார் சொல்வது என்று டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தர் சிஸ்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

"வெசம் பாக்கி நிக்குன்னு சொன்னாவளே சிஸ்டர்" என்றாள் கோமதி.

"வெசம் இல்ல கோமதி. நாங்க போட்ட குழாயால வந்தது."

"குழாயா? அதுதான உயிரைக் காப்பாத்துச்சு? அதைப் போயி யாராவது குத்தம் சொல்லுவாவளா?"

"காப்பாத்துனதும் அதுதான். இதைச் செஞ்சதும் அதுதான்."

கோமதி நாற்காலி நுனிக்கு வந்தாள். "அப்பம் நான் பாம்புக்குப் பால் ஊத்துனதெல்லாம்?" என்று கேட்டாள். சிஸ்டருக்கு மதம் வேறு, ஆனாலும் முகம் மாறாமல், "அது பாட்டுக்கு இருக்கட்டும். இனி நாங்க செய்ய வேண்டியதை நாங்க செய்யுதோம்" என்றார்கள். எங்கே பிசகியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவசரத்தில் போட்ட குழாய், ஆம்புலன்ஸில் குலுங்கி வந்த குழாய், எங்கள் வார்டில் நாள் கணக்கில் கிடந்த குழாய். சிஸ்டர் யாரையும் விசாரிக்கவில்லை. மறுநாள் முதல் எல்லாக் குமிழையும் தன் கையாலும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

சுருங்கிய இடத்தை விரித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், மறுபடி சுருங்கும். கடைசியில் மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்.

இசக்கி சீறிக்கொண்டே கேட்டார். "ரேடியேட்டர் ஓசு பைப்பு நடுவுல ஒட்டிப் போச்சுன்னா வெட்டிட்டுச் சேப்போமே, அதானே டாக்டர்? கிளிப்பு போடுவியளா?"

"நூல்தான் போடுவேன். ஓசு நீளம் கொறஞ்சுபோகும். அதனால நீங்க நிமிந்தா தையல் இழுபடும். நிமிராம இருக்கிறதுக்கு, தாடைய நெஞ்சோட சேத்து வெளியில ரெண்டு தையல் போட்டுருவேன். ஒரு வாரம்."

"ஒரு வாரம் தலையக் குனிஞ்சுக்கிட்டேவா?"

"ஆமா."

"நிமிந்துட்டா?"

"வெளித்தையல் புடிச்சு நிறுத்தும். அதையும் மீறி இழுத்தா உள்ளே பிரியும். பிரிஞ்சா மூச்சு நின்னுரும்."

இசக்கி சரி என்று கையெழுத்துப் போட்டார். டாக்டர் போனதும் கோமதியைக் கூப்பிட்டு, "எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராத. அவன் முன்னால நான் தலையக் குனிஞ்சு ஒக்காந்திருக்க மாட்டேன்" என்றார்.

அண்ணன் பெயர் வேலாயுதம். அதே ரோட்டில் வேறு பஸ்ஸில் டிரைவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பேச்சு நின்று பல வருஷம். என்ன காரணம் என்று கோமதியே வராந்தாவில் வைத்துச் சொன்னாள். அவர்கள் தங்கை மகளுக்குக் காது குத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்த மாமன் வேலாயுதம் வந்து சேரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்த, இசக்கி உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். குத்தி முடிக்கவும் அண்ணன் சீர்த்தட்டோடு வந்து இறங்கவும் சரியாக இருந்தது. தட்டை அப்படியே வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான்.

"இதுக்கா இவ்வளவு?" என்று நான்கூட வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"நீங்க வேற யக்கா. ரெண்டும் ஒரே பஸ்ஸ்டாண்டுல நின்னு டீ குடிக்கும். ஒண்ணு கெழக்கப் பாக்கும், ஒண்ணு மேக்கப் பாக்கும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே கொண்டுவந்தபோது அவர் தாடைக்குக் கீழிருந்து தடித்த நூல் இரண்டு பக்கமும் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. பின்தலைக்கும் முதுகுக்கும் தலையணைகளை அடுக்கிச் சாய்வாக உட்கார வைத்தோம். பேசக்கூடாது. இருமலை அடக்கக்கூடாது, ஆனால் பையத்தான் இரும வேண்டும். கஞ்சியைச் சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. எஸ்தர் சிஸ்டர் பகல் டியூட்டிக்கு என்னை அவர் பக்கத்திலேயே போட்டார்கள்.

குனிந்த ஆளுக்குத் தெரிகிறது தன் மடியும் தரையும்தான். யார் வந்தாலும் கால்தான் தெரியும். கால் தெரிந்தால் முகத்தைப் பார்க்கத் தலை தானாக எழும். அதனால் எஸ்தர் சிஸ்டர் ஒரு சட்டம் போட்டார்கள். அவரிடம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் தரையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். கட்டிலுக்கு அருகில் சலவை விரிப்பு ஒன்றை விரித்து வைத்தேன். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவரும் குந்த வைத்து உட்கார்ந்தார். முட்டி இரண்டும் படக் படக் என்று சத்தம் கொடுத்தது. கூட வந்த சின்ன டாக்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பார்க்கிறதற்குப் பந்தியில் இலை போடக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் 'என்ன?' என்று கேட்க வாயைத் திறக்கமாட்டோம், தாடையை மேலே தூக்கிக் காட்டுவோம். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்பதும் அப்படித்தான். நான் கேட்டால் அவரும் பழக்கத்தில் தூக்கப் போவார், நூல் சுண்டும். அதனால் கையைக் குவித்துக் கேட்கப் பழகினேன். அவர் பதிலைக் கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டிச் சொல்வார். பஸ் விசில் கணக்கு. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். கஞ்சி ஊட்டும்போது அந்தச் சத்தம்தான் எங்களுக்குள் பேச்சு.

வாரம் பாதி போயிருந்தது. சாயங்காலம் பார்வையாளர் நேரம். கோமதி துணி அலசப் போயிருந்தாள், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் விரிப்போரமாக ஓர் ஆள் வந்து நின்றார். வாட்டசாட்டமான உடம்பு, காக்கிச் சட்டை, டியூட்டியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். கையில் ஆப்பிள் பை. அங்கேயே நின்றார். எனக்கு யார் என்று தெரியவில்லை. இசக்கிக்குக் கால் விரல்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவர் உடம்பு விறைத்தது. கை இரண்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்தது. தலை எழும்ப ஆரம்பித்தது. வந்தவர் மேல் உள்ள கோபமா, குனிந்து இருக்கிற வெட்கமா, தெரியாது. வலி தெரியாத வேகத்தில் எழும்பியது. தாடையில் நூல் இறங்கியிருந்த இடத்தில் தோல் கூடாரம் மாதிரி இழுபட்டு, ரத்தம் ஒரு பொட்டு வந்தது.

நான் ஸ்பூனைப் போட்டுவிட்டு அவர் பின்தலையை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினேன். அவர் பலம் எங்கே, என் பலம் எங்கே. விரிப்போரம் அந்த ஆள் கல் மாதிரி நிற்கிறார். நான் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

"ஒக்காருங்க அண்ணாச்சி! கீழே ஒக்காருங்க! நீங்க நின்னா இவுக செத்துருவாக!"

வார்டு முழுக்கத் திரும்பியது. அந்த ஆள் பையோடு அப்படியே தரையில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். ஒரு கால் மடங்கவில்லை, நீட்டிக்கொண்டார். ஆப்பிள் ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. என் கைக்குள் இருந்த தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் குறைந்து இறங்கியது.

எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்தார்கள். அவர்கள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். என்னைப் பார்க்கவில்லை, அந்த ஆளைப் பார்க்கவில்லை. இசக்கியின் கழுத்தைச் சுற்றி விரல் நுனியால் மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தார்கள். உள்ளே தையல் விட்டிருந்தால் காற்று தோலுக்கு அடியில் கசியும், அமுக்கினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி நறநறக்கும். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது. நறநறக்கவில்லை. பிறகு மதுரை டாக்டருக்குப் போன் போட்டார்கள். "இப்போதைக்கு ஒண்ணும் இல்லை. ராத்திரி பூரா அமுக்கி அமுக்கிப் பாருங்க. காலையிலதான் சொல்ல முடியும்" என்றாராம்.

கோமதி ஈரத் துணியோடு ஓடி வந்து அண்ணனைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். "கோமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு நெனைக்காத. எங்க பஸ்ஸுல ஏறுன ஆளு பூரா சொல்லுதான்" என்றார் வேலாயுதம், தம்பியிடம். தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். தம்பியைப் பார்க்கவில்லை.

"எலே இசக்கி. நீ ஒண்ணும் நிமிர வேண்டாம். நாந்தான் கீழ ஒக்காந்துட்டேன்லா."

ஆப்பிள் பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் வேணும்னு லேட்டா வரல. சேரன்மாதேவில ரயில் கேட்டைப் போட்டுட்டான். கூட்ஸு வண்டி. அசையவே மாட்டேங்கி. நான் தட்டை மடியில வச்சுக்கிட்டு ஸ்டேரிங்கைக் குத்திக்கிட்டுக் கெடக்கேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னவாம்?" என்று கோமதி கேட்டாள்.

"எவன் கேட்டான்?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசக்கி அவர் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை இன்னும் அவர் பின்தலையில்தான் இருந்தது. மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. நேரம் முடிந்து மணி அடித்ததும் வேலாயுதம் தரையில் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். இசக்கி சட்டத்தைத் தடவி ஸ்பூனைத் தேடினார். கிடைக்கவில்லை. விரல் முட்டியால் கம்பியில் தட்டினார், ஒரு தட்டு.

"நிக்கச் சொல்லுதாவ" என்றாள் கோமதி.

"நிக்க மாட்டேன்மா. நின்னா அந்த அம்மா அடிச்சுப்புடும்" என்று வேலாயுதம் என்னைக் காட்டிவிட்டு, மறுபடி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. எஸ்தர் சிஸ்டர் பார்வையாளர் நேரத்தை ஒருநாளும் நீட்டியதில்லை. அன்றைக்கு மணியே காதில் விழாத மாதிரி மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் துடைப்பது என் வேலை.

காலையில் நான் போனபோது கழுத்தில் வீக்கம் இல்லை. நறநறப்பும் இல்லை. அதற்குப் பிறகு வேலாயுதம் தினமும் டியூட்டி முடிந்து வந்தார். ஆஸ்பத்திரிக் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சொல்லாமலே விரிப்பில் உட்கார்ந்தார். பஸ்ஸில் யார் யார் ஏறினார்கள், எந்த டிரைவர் எங்கே உரசினான், இதுதான் பேச்சு. இசக்கி குனிந்தபடியே அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிரிப்பு வந்தால் தோள் குலுங்கும். உடனே நான், "பைய, பைய" என்பேன்.

தையல் பிரிக்கிற அன்று மதுரை டாக்டர் வந்தார். அவரும் தரையில் உட்கார்ந்துதான் கத்தரியை நீட்டினார். ஒரு பக்கம் வெட்டினார், மறுபக்கம் வெட்டினார். நூலை உருவினார்.

"இன்னும் நிமிராதீங்க. நான் சொல்லும்போது, கொஞ்சம் கொஞ்சமா."

இசக்கியின் பின்னால் நான் கையை வைத்துக்கொண்டிருந்தேன். தலை வந்தது. நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு விரல் அளவு, பிறகு ஒரு கை அளவு. கழுத்து பலகை மாதிரி மரத்துப்போயிருந்தது. எஸ்தர் சிஸ்டர் வார்டில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். அவர் வாயருகில் காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே இழுக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். இன்னும் வேகமாக இழுக்கச் சொன்னார்கள். சீற்றம் இல்லை. சும்மா மூச்சு. நானும் கேட்டேன். கேட்கிறதற்கு ஒன்றுமில்லை.

"இப்பம் பேசலாம். ரெண்டே வார்த்தை" என்றார் டாக்டர்.

என்ன பேசப் போகிறார் என்று எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். கோமதி அவர் பக்கத்தில் நின்றாள். அவர் கண் அவளிடமும் போகவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. கீழே விரிப்பில் உட்கார்ந்திருந்த ஆளிடம் போயிற்று. குரல் கரகரத்து, தேய்ந்து வந்தது. ஆனால் குரல்தான்.

"ஏண்ணே, இப்படி நரைச்சுப் போயிட்டே?"

வேலாயுதம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அது நரைச்சு எம்புட்டோ நாளாச்சுலே" என்றார்.